நீலத்துக்குக் கீழே இருந்த பச்சை

பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருடமாக கார் பெயிண்ட் பட்டறை நடத்துகிறேன். வள்ளியூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் காட்சிக்கு நிற்கும் மிக்-21 விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இறக்கை விரிப்பு ஏழு மீட்டர் சொச்சம், நீளம் ஒரு பஸ்ஸை விடக் கொஞ்சம் கூடுதல். பத்து நாள் வேலை என்று சொல்லி முன்பணம் வாங்கினேன். முடிய ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். நம் ஊர்ப் பக்கங்களில் பள்ளி, கல்லூரி, ரவுண்டானா என்று பழைய விமானமோ டாங்கியோ பீரங்கியோ நிற்கிற இடங்களில் யாருக்காவது பயன்படும்.

நான் பார்த்தபோது விமானம் முழுக்க வீட்டுக் கதவுக்கு அடிக்கிற வான நீல எனாமல். மூக்குக் கூம்பு சிவப்பு. மூக்குப் பக்கம் பட்டி பூசி வழவழப்பாக்கி, ரிவிட் வரிசையே தெரியாதபடி மூடியிருந்தார்கள். எனக்கு அது நல்ல வேலையாகத்தான் பட்டது. காரில் அதைத்தானே செய்கிறோம்?

கல்லூரியில் மேற்பார்வைக்கு ஒரு பெரியவரைப் போட்டிருந்தார்கள். நாங்குநேரிக்காரர். விமானப்படையில் ஏர்ஃபிரேம் பிட்டராக, அதாவது விமான உடற்கூட்டைப் பராமரிக்கும் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி சர்வீஸ் மிக் விமானங்களோடுதான். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. முதல் நாள் நான் சாண்டரை எடுத்து வயரைச் சொருகப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, இத எந்த வருசத்து விமானமா ஆக்கப் போறீரு?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. விமானம் விமானம்தானே. உட்கார வைத்துச் சொன்னார். மிக்-21 நம் படைக்கு வந்தது 1963இல். இங்கே நிற்பது எஃப்.எல். ரகம், படையில் டைப் 77 என்பார்கள், எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நாசிக்கில் செய்தது. வந்த புதிதில் இவை அலுமினிய வெள்ளி நிறத்தில்தான் பறந்தன. 1971 போரை ஒட்டிப் பல ஸ்குவாட்ரன்களில் கையில் கிடைத்த பச்சையையும் பழுப்பையும் தாங்களே பூசிக்கொண்டார்கள். அதனால் அந்தக் காலத்துப் படங்களில் ஒரே ரக விமானங்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. பிற்காலத்தில் சாம்பல். எஃப்.எல். ரகம் 2013 டிசம்பரில் ஓய்வு பெற்றது. (மிக்-21 குடும்பமே பின்னர் 2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்றது.) ஆக ஒரே விமானத்துக்கு வாழ்நாளில் மூன்று நான்கு சட்டை. எந்தச் சட்டை என்று முடிவு செய்யாமல் பெயிண்ட் டப்பாவைத் திறந்தால், எந்த நாளிலும் இல்லாத ஒரு விமானத்தைச் செய்துவைப்போம் என்றார்.

ஏற்கெனவே நின்றதும் அப்படி ஒன்றுதான். வாலில் இருந்த மூவர்ணப் பட்டையைப் பாருங்கள். காவி எப்போதும் விமானத்தின் முன்பக்கம் வர வேண்டும். இடப்பக்கம் சரியாக இருந்தது. வலப்பக்கத்திலும் அதே மாதிரி இடமிருந்து வலமாகக் காவி, வெள்ளை, பச்சை என்று போட்டிருந்தார்கள், காவி பின்னுக்குப் போய்விட்டது. மூக்குக் கூம்பும் வால் நுனியும் அந்த ரகத்தில் கரும்பச்சை. உள்ளே ரேடாரும் ஆன்டெனாவும் இருப்பதால் அந்தப் பகுதிகள் உலோகமே இல்லை, ரேடியோ அலை புகுந்து போகிற பொருள். அதில் உலோகத் தூள் கலந்த பெயிண்ட் அடித்தால் ரேடார் குருடாகிவிடும். பச்சை இருந்த இடத்தில் சிவப்பை அடித்தபோது இந்த விஷயமே மறைந்து போனது.

வேலையைத் தொடங்கும் முன் அண்ணாச்சி மூன்று காகிதம் கேட்டார். விமானப்படை சொத்து என்பதால் நிறம் மாற்ற எழுத்துப்பூர்வ ஒப்புதல் ஒன்று. ஆபத்தில் விமானியை வெளியேற்றும் இருக்கையில் உள்ள வெடிப்பொருள் எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டதற்கான சான்று ஒன்று. மூன்றாவது, விமானத்தின் வரிசை எண்ணும் தயாரிப்புத் தகட்டின் படமும். இரண்டாவது காகிதம் கைக்கு வரும் வரை காக்பிட் பக்கம் யாரையும் ஏற விடவில்லை. பழைய மானிகளின் எண்களில் இருட்டில் ஒளிரும், கதிர்வீச்சுள்ள ரேடியப் பூச்சு இருக்கலாம், அதனால் மானியின் கண்ணாடியைக் கழற்றவே கூடாது என்றும் பையன்களிடம் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் நீலத்தை எடுக்கும் வேலை. சாண்டர் போடக் கூடாது என்றால் எப்படி எடுக்க? அவர் காட்டிய வழி எனக்கே தெரிந்த வழிதான், ஆனால் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. என்.சி. தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு ஓரத்தில் இரண்டு நிமிடம் ஒட்டி வைத்தோம். நீல எனாமல் சுருங்கி, பால் ஆடை மாதிரி எழும்பியது. கீழே இருந்த சாம்பல் அசையவில்லை, துணியில் கறைகூட வரவில்லை. அது இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடித்த பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் என்று அதிலேயே தெரிந்தது. எனாமல் தின்னருக்கு இளகும், நன்றாக இறுகிய பி.யூ. தாங்கும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு மேல் அடுக்கை மட்டும் உரித்தோம். மரச் சிம்பு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், துணி. மூன்று வாரம் இதே வேலை.

இரண்டாம் நாள் சாயங்காலம் இறக்கைக்குப் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன். நீலம் வழிந்த இடத்தில் ஒரு சின்னக் கறுப்புக் கோடு. இன்னும் துடைத்தேன். எழுத்து. விரல் நக அளவுதான். இங்கே மிதிக்காதே என்கிற எச்சரிக்கை. அப்புறம் அம்புக்குறி, வட்டம், வால்வுப் பெயர்கள் என்று உடம்பெங்கும் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கோவில் சுவரில் சுண்ணாம்பை எடுத்தால் கீழே பழைய எழுத்து தெரியுமே, அப்படி. எல்லாவற்றையும் டிரேசிங் பேப்பரில் பென்சிலால் எடுத்து, எந்த ரிவிட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளவும் குறித்தோம். எழுபதுக்கு மேல் வந்தது. பிரதி எடுக்கும் முன் எதையும் மறுபடி பூசாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் வேறொரு விமானத்தின் எழுத்துகளை வெட்டி ஒட்டினால் எழுத்துரு, உயரம், இடம் எல்லாம் தப்பாகிவிடும்.

பட்டியை எடுக்கும்போது ஒரு பையன் இரும்புக் கம்பிப் பிரஷ்ஷைக் கொண்டு வந்தான். அண்ணாச்சிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்துவிட்டால், மழை ஈரம் பட்டதும் இரண்டு உலோகத்துக்கும் நடுவே பேட்டரி மாதிரி வேலை நடந்து அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். எஃகுக் கம்பளிக்கும் அதே கதைதான். காஸ்டிக் சோடா கரைசல் அலுமினியத்தையே தின்றுவிடும். விமானத் தகடுகள் பலவற்றில் மேலே மெல்லிசாகச் சுத்த அலுமினியத் தோல் ஒன்று இருக்கும், உள்ளே இருக்கும் கலப்பு உலோகத்தை அரிப்பிலிருந்து காப்பதே அதுதான். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் அந்தத் தோல் போய்விடும். மணல் வீச்சு வேண்டவே வேண்டாம். கோவில் தூண்களில் மணல் வீச்சு அடித்துச் சிற்பத்தின் விரலும் மூக்கும் மழுங்கியதை நாம் பார்த்திருக்கிறோம். ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

"இது காருல்ல தம்பி, ரிவிட் எல்லாம் வெளிய தெரியணும். அதப் பாத்துத்தான் எப்படிச் சேத்திருக்கான்னு பிள்ளைகளுக்கு வெளங்கும்" என்றார். நசுங்கிய இரண்டு இடத்தைக்கூட அப்படியே விட்டுவிட்டோம். இருபத்திரண்டு வருடமாக நெளிவு எடுத்தே பிழைத்தவனுக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது.

உடல்நலம் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வெறும் உலோகத்துக்கு மேலே பச்சை கலந்த மஞ்சளாக ஒரு பிரைமர் தெரிந்தால், அது குரோமேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் தரும். உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வாட்டர் பேப்பர், நல்ல வடிகட்டி முகமூடி, கையுறை. தேய்த்த தண்ணீரை மண்ணில் ஊற்றாமல் டிரம்மில் பிடித்து, கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். பி.யூ. ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. பட்டறைகளில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அதை அடிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஒருமுறை நுரையீரலுக்கு ஒவ்வாமல் போனால் அப்புறம் வாசனை பட்டாலே மூச்சு முட்டும். வெளிக்காற்று குழாய் வழியாக வரும் முகமூடி வாங்கினேன். இப்போது கார் வேலைக்கும் அதுதான்.

நிறம் பொருத்துவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாம்பல் கிடைத்துவிட்டது, சரி. ஆனால் அது வெயிலில் வெளுத்த சாம்பல். கட்டை விரலால் தேய்த்தால் திருநீறு மாதிரி ஒட்டியது. ஒரு சின்ன மூடித் தகட்டை வண்ணார்பேட்டையில் நிறம் கலக்கும் கடைக்குக் கொண்டுபோய் மெஷினில் காட்டினேன். மெஷின் ஒரு நிறம் சொன்னது, கலந்து வாங்கி வந்தேன். அண்ணாச்சி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு மூடியின் திருகாணியைக் கழற்றி, அடியில் இருந்த வாஷரை எடுத்தார். வாஷர் இருந்த இடத்தில் இருபத்தைந்து பைசாக் காசு அளவில் ஒரு வட்டம். வெயிலே படாத பெயிண்ட். சுற்றியிருந்ததை விட நீலம் ஏறிய, ஆழமான சாம்பல். நான் கலந்து வந்ததோ மஞ்சள் தட்டிய வெளிறல். மெஷின் தன் முன்னால் வைத்ததைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. நான்தான் வெளுத்த முகத்தைக் காட்டியிருக்கிறேன்.

அதன் பிறகு உண்மை நிறத்தைத் தேட வேண்டிய இடங்கள் பழகிவிட்டன. வாஷருக்கு அடியில், ஏர்பிரேக் (காற்றில் விரிந்து வேகத்தைக் குறைக்கும் தகடு) மூடியின் உள்விளிம்பில், சக்கரக் கதவின் மடிப்பில், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் தகடுகளின் இடுக்கில். அந்தக் காசு வட்டத்தை வைத்து ஏழு மாதிரி அடித்தோம். காகித அட்டையில் அடித்தால் உறிஞ்சி நிறம் மாறும், அதனால் அதே பிரைமர் போட்ட அலுமினியத் துண்டுகளில். டியூப் லைட்டில் மூன்றாவது துண்டு அச்சாகப் பொருந்தியது. காலை பத்து மணி வெயிலுக்குக் கொண்டு வந்தால் அதுவே பச்சை தட்டியது, ஐந்தாவதுதான் சரி. விமானம் வெயிலில் நிற்கப் போகிறது என்றால் வெயிலில் பொருத்துங்கள்.

நிற எண்கள் பற்றியும் கொஞ்சம். "லைட் கிரே" என்று கடையில் கேட்டால் பத்து விதம் தருவான். நம் நாட்டில் பெயிண்ட் நிறங்களுக்கு ஐ.எஸ். 5 என்ற தரநிலை இருக்கிறது. பிரிட்டன் வழி வந்த விமானங்களுக்கு பி.எஸ். 381சி அட்டை உதவும். அமெரிக்க அரசின் எஃப்.எஸ். 595 தரநிலையில் ஐந்து இலக்க எண் இருக்கும், அதன் முதல் இலக்கமே பளபளப்பைச் சொல்லிவிடும்: 1 என்றால் பளபளப்பு, 2 பாதிப் பளபளப்பு, 3 மங்கல். நம் விமானத்தின் நிறம் எந்த அட்டையிலும் அச்சாக உட்கார வேண்டிய கட்டாயமில்லை. பக்கத்து எண்ணைக் குறித்து, அதை விட நீலம் எவ்வளவு கூடுதல் என்று எழுதி, மாதிரித் துண்டையும் சேர்த்துப் பத்திரப்படுத்தினால் போதும். பழைய புகைப்படத்தை மட்டும் நம்பி நிறம் கலக்காதீர்கள். பிலிம், பிரிண்ட், ஸ்கேன் என ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் நகர்ந்துவிடும். ஆனால் பட்டை எங்கே தொடங்கியது, எண் எவ்வளவு உயரம் என்பதற்குப் புகைப்படத்தைப் போலச் சாட்சி கிடையாது.

பளபளப்பு விஷயத்தில் நான் வாதாடினேன். கிளியர் கோட் போட்டால் வெயிலைத் தாங்கும், பார்க்கவும் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றேன். வாஷர் வட்டத்தை டார்ச் அடித்துக் காட்டினார். பாதிப் பளபளப்புதான், முட்டை ஓடு மாதிரி. சண்டை விமானம் வெயிலில் மின்னினால் எதிரிக்குத் தூரத்திலேயே தெரியும். நான் ஒத்துக்கொண்டேன். வெளுப்பையும் செயற்கையாகச் செய்ய வேண்டாம், புது நிறத்தையே அடிப்போம், மிச்சத்தை ராதாபுரத்து வெயில் பார்த்துக்கொள்ளும் என்பது என் கட்சி. அதற்கு அவர் ஒத்துக்கொண்டார்.

பச்சைக்கு வருகிறேன். இடப்பக்கச் சக்கரக் கதவின் மடிப்பை வாட்டர் பேப்பரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரிகிற மாதிரி ஒரு சின்ன ஜன்னல் எடுத்தோம். மரத்தை அறுத்தால் வயது தெரிவது போலத்தான். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 ஒன்றைச் சீரமைத்தபோது, இப்படி அடுக்கடுக்காகத் தேய்த்துத்தான் அதன் முந்தைய நிறங்களைப் படித்தார்கள். எங்கள் ஜன்னலில் வெளியே நீலம், அதற்குள் சாம்பல், அதற்குள் ஒரு இஞ்ச் அகலத்துக்குக் கரும்பச்சை, அதற்குள் வெள்ளி, நடுவில் மஞ்சள் பச்சை பிரைமர். பெரிய ஓவர்ஹாலில் பழைய பூச்சை எல்லாம் கரைத்து எடுத்துவிடுவார்கள், இந்த மடிப்பில் மட்டும் தப்பியிருக்கிறது. அந்தப் பச்சையில் முடி மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. தூசி என்று ஊதினேன், போகவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தோம். பெயிண்ட்டுக்குள் புதைந்த பிரஷ் மயிர், அரை இஞ்ச் நீளம்.

அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஸ்பிரே இல்ல. ராத்திரியோட ராத்திரியா பிரஷ்ஷு வச்சு அடிச்சிருக்கானுவ" என்றார்.

இந்தச் செய்தி கல்லூரிக்குப் போனதும் பச்சை பழுப்பு உருமறைப்பில் முழு விமானத்தையும் அடித்துவிடலாம், 1971 என்று பலகை வைக்கலாம் என்று ஆசைப்பட்டார்கள். நியாயமான ஆசை. எனக்கும் கை துறுதுறுத்தது. அண்ணாச்சி ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "ஒரு இஞ்சு பச்சதான் நமக்குத் தெரியும். அது எங்க வளைஞ்சுது, பழுப்பு எங்க ஆரம்பிச்சுது, யாருக்குத் தெரியும்? எந்த வருசம்னாவது தெரியுமா? தெரிஞ்சதப் பூசலாம். தெரியாதத எப்படிப் பூச?" உடம்பு முழுக்கச் சாட்சி இருப்பது சாம்பலுக்குத்தான், எழுபது எழுத்தும் அதன் மேல்தான் இருக்கின்றன. ஆகவே சாம்பல். நான் இப்போதும் அந்த முடிவின் பக்கம்தான் நிற்கிறேன்.

அடிக்கும் காலத்தை இங்கே காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் தொடங்கும் காற்று புரட்டாசி வரை நிற்காது. காற்றாலைகளை அங்கே நட்டதே அதனால்தானே. திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மண் தூள் காற்றோடு வந்து ஈரப் பெயிண்ட்டில் ஒட்டினால் உப்புத்தாளில் அடித்த மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழியில் பனி. தை பாதியிலிருந்து பங்குனி பாதி வரைதான் நமக்கு வாய்த்த நாட்கள், அதிலும் காலை ஏழரையிலிருந்து பத்து. தகடு சூடேறிவிட்டால் பெயிண்ட் போய்ச் சேரும் முன்பே தின்னர் பறந்து, பொடியாக விழும். தகட்டில் புறங்கையை வைத்துப் பார்த்து, சுட்டால் அன்றைக்கு ஸ்பிரே கன்னைக் கழுவி வைத்துவிடுவேன்.

முறை சுருக்கமாக: வெறும் உலோகம் தெரிகிற இடங்களில் அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் மெல்லிசாக, அதன்மேல் எபாக்சி பிரைமர், பிறகு பி.யூ. இரண்டு கோட். அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை டேப் ஒட்டி அடித்துவிட்டு மறக்காமல் திறந்துவிட வேண்டும். முன்பு அடித்தவர்கள் அடைத்துவிட்டதால் வால் பகுதிக்குள் இரண்டு வாளி தண்ணீர் நின்றது, தகடு உள்ளிருந்து அரித்திருந்தது. காக்பிட்டின் உள்ளே இருக்கும் நீலப் பச்சையும் சக்கர வட்டின் பச்சையும் அந்தச் சோவியத் வடிவமைப்பின் சொந்த நிறங்கள். அவற்றில் கை வைக்கவில்லை, ஈரத் துணியால் துடைத்ததோடு சரி. சக்கரக் குழிகளிலும் ஏர்பிரேக்கின் உட்புறத்திலும் பழைய சாம்பலையே விட்டுவிட்டோம்.

முடிந்து இரண்டு ஆடிக்காற்று போய்விட்டது. மேல்பக்கம் லேசாக மங்கத் தொடங்கியிருக்கிறது, எதிர்பார்த்ததுதான். பாலிஷ், வாக்ஸ் எதுவும் போட வேண்டாம், மாதம் ஒருமுறை தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஏழு மாதிரித் துண்டுகள், டிரேசிங் சுருள், கலவைக் குறிப்பு எல்லாம் கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் இருக்கின்றன, அடுத்து அடிப்பவர் முதலில் அதைத் திறக்கட்டும்.

சக்கரக் கதவு ஜன்னலை மட்டும் பூசவில்லை. மேலே ஒரு சின்ன அக்ரிலிக் மூடி போட்டிருக்கிறது. போன மாதம் போனபோது அண்ணாச்சி ஒரு மாணவியைக் குனிய வைத்து, லென்ஸைக் கையில் கொடுத்து, அந்த மயிரைத் தேடச் சொல்லிக்கொண்டிருந்தார்.